துவைத்துத் தேய்த்த அழைப்புகள்

பிறந்தநாள் வேண்டாம் என்று ஒரு குழந்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். என் மகள்தான் சொன்னாள். எட்டு வயதாகப் போகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வருஷம் வேண்டாம்மா, சும்மா இருந்துடலாம்" என்றாள். அவள் அப்பா அவளைக் கடுகு என்று கூப்பிடுவார். அந்தச் சின்ன உருவத்துக்குள்ளிருந்து அறுபது வயது ஆளின் குரல் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம், பழைய வீட்டில், அவள் பிறந்தநாளுக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. அவள் வகுப்பிலேயே இன்னொரு பிள்ளைக்கும் அன்றைக்கே பிறந்தநாள். அங்கே மேஜிக் காட்டுகிறவர் வருகிறார் என்று செய்தி பரவிவிட்டது. நான் விடாமல் ஒவ்வொரு அம்மாவுக்கும் போன் போட்டேன். "ஒரு பத்து நிமிஷம் தலையைக் காட்டிட்டுப் போங்களேன்" என்று மானத்தை விட்டுக் கேட்டேன். கடுகு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். யாரும் வராததைவிட நான் கெஞ்சியதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் புதிது. பள்ளி திறக்கவில்லை, அவளுக்கு ஒரு சிநேகிதியும் இல்லை. மாடிப்படியில் யாராவது எதிரே வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இந்தப் பிறந்தநாளும் போன வருஷம் மாதிரி ஆகிவிட்டால் பிள்ளை இனி யாரையுமே நம்ப மாட்டாள் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. நானும் அவள் அப்பாவும் மாறி மாறிப் பேசி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம்.

ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். "நான்தான் கூப்பிடுவேன். நீங்க யாருகிட்டயும் வாயத் திறக்கக் கூடாது. அம்மா கெஞ்சவே கூடாது."

"சரிம்மா, கெஞ்ச மாட்டேன்."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் இருக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பேன், சட்டையின் பக்கவாட்டில் பிடித்துத் தைப்பேன். அங்கே வெட்டி எறிகிற துண்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் மடித்துத் தைத்து வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன கொடுத்தாலும் அதில்தான் முடிந்து கொடுப்போம். பளபளவென்று காகிதம் சுற்றி, டேப் ஒட்டி, ரிப்பன் கட்டி, அதை அரை நிமிஷத்தில் கிழித்துக் குப்பையில் போடுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்ம வீட்டுலதான் குப்பைக்கூடை பட்டினி கிடக்குது" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

குடிவந்த வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் கேக் துண்டுகளைத் துணியில் முடிந்து எடுத்துப் போனேன். துணியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மட்டும் சொன்னேன். திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் எப்படி! துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர மடித்து. எங்கள் கடையில்கூட அப்படி மடிக்க மாட்டோம். நல்ல மனிதர்கள் நடுவில்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று பூரித்துப் போனேன். அந்த மரியாதைதான் கடைசியில் எங்கள் காலை வாரியது.

கடுகின் யோசனை இது. வீட்டுக்கு ஒரு துணி, அதில் நாலைந்து வெண்ணெய் பிஸ்கட். துணியின் உள்பக்கத்தில் அவளே அழைப்பை எழுதுவாள். முடிச்சை அவிழ்த்ததும் எழுத்து தெரியும், எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு சாயங்காலம் முழுக்க எழுதினாள். அம்மா எட்டிப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். அப்பாதான் எடுபிடி. இருட்டியதும் அவரும் அவளும் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவுக் கைப்பிடியிலும் ஒரு முடிச்சைத் தொங்கவிட்டு, திருடர்கள் மாதிரி பூனைநடை நடந்து திரும்பி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விருந்து. நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். பழைய திரைச்சீலையிலும் சட்டைகளிலும் நான் தைத்த முக்கோணக் கொடிகள் போன வருஷத்திலிருந்து பெட்டியில் கிடந்தன. புதிதாகத் தைத்துத் தரட்டுமா என்றேன்.

"அதையே கட்டலாம்மா. யாரும்தான் பாக்கலையே" என்றாள்.

அப்பா ஸ்டூலில் ஏறிக் கட்டினார். பலூன் கிடையாது. காகிதத் தட்டு கிடையாது. வருகிற பிள்ளைகள் எடுத்துப் போக ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்திருந்தேன். கேக் நடுவில் இருந்தது. கடுகு தலை சீவி, வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, அதற்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

நாலு அடித்தது. நாலரை ஆயிற்று. படியில் காலடி கேட்டால் நிமிர்வாள். காலடி மேலே போய்விட்டால் பாவாடையைச் சரிசெய்வாள். அவள் அப்பா பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்து தரையைத் தேய்த்தார். எனக்குக் கை பரபரத்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒரு குழந்தை எழுதிக் கூப்பிட்டால் வர முடியாத அளவுக்கு அப்படி என்ன வெட்டி முறிக்கிறீர்கள் என்று கேட்கலாம் போல இருந்தது. இரண்டு முறை செருப்பை மாட்டினேன். இரண்டு முறையும் என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டு, "சத்தியம் பண்ணியிருக்க" என்றார்.

ஐந்து மணிக்கு கடுகு எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கொடிக் கயிற்றின் ஒரு முனையை அவிழ்க்க ஆரம்பித்தாள். அழவில்லை. "அடுத்த வருஷத்துக்கு மடிச்சு வெச்சிரலாம்" என்றாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

அப்போதுதான் கீழ்வீட்டு நர்ஸ் அக்கா வந்தார். திறந்திருந்த கதவையும் மரியாதைக்குத் தட்டினார். வேலைக்குக் கிளம்பிய கோலம்: வெள்ளைச் சீருடை, தோளில் பை. கையில் மடித்த துணி.

"இந்தாம்மா, உன் துணி. பிஸ்கட் பிரமாதம். தாமதமாயிடுச்சு, தப்பா நெனச்சுக்காத" என்றவர், மேஜையைப் பார்த்தார். "என்ன, வீட்டுல ஏதாவது விசேஷமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விசேஷமான்னா கேக்குறீங்க? வர முடியலைன்னா முடியலைன்னு சொல்லலாமேக்கா. அதை விட்டுட்டு தெரியாத மாதிரி கேட்டா எப்படி?"

அவர் விழித்தார். நான் துணியை வெடுக்கென்று வாங்கி உதறி விரித்தேன், இதோ பாருங்கள் என்று காட்டுவதற்காக. துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

"இதுல எழுதியிருந்ததே?"

"எழுத்தா? வெண்ணெய்க் கறைதான் இருந்துச்சு. அதுல ஊறிப்போய் நடுவுல ஏதோ நீலமா கிறுக்கல் மாதிரி. பாப்பா விளையாடியிருக்கும், பாவம் நல்ல துணியாச்சேன்னு ஊற வெச்சுக் கசக்கினேன். தண்ணி பட்டதுமே போயிடுச்சு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

தண்ணீர் பட்டதும் போகிற நீலம் எது என்று எனக்கா தெரியாது? பேண்ட்டில் எங்கே வெட்ட வேண்டும் என்று நாள் முழுக்க அதில்தானே கோடு போடுகிறேன். தைத்து முடித்து ஈரத்துணியால் ஒற்றினால் கோடு இருந்த இடம் தெரியாது. மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அவ பேனா கேட்டா," என்றார். "உன் பையில நீலமா ஒண்ணு இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அதற்குள் கடுகு ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். கொடிக்கயிறு கையிலேயே இருந்தது.

"அப்ப யாரும் வரமாட்டேன்னு சொல்லலையாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"கண்ணு, யாருக்குமே தெரியாதுடா" என்றார் நர்ஸ் அக்கா. "இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளா?"

கடுகு தலையாட்டினாள். நர்ஸ் அக்கா பையை எங்கள் வாசலிலேயே வைத்தார். போனை எடுத்து வார்டில் யாரிடமோ, ஒரு அரை மணி நேரம் என் இடத்தைப் பார்த்துக்கொள், வந்து சொல்கிறேன் என்றார். அப்புறம் சீருடையோடு படியேறினார். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிற சத்தமும், "உங்க வீட்டுக்கு வந்த துணியையும் துவைச்சுட்டீங்களா?" என்கிற அவர் குரலும் மேலே மேலே போயின. கெஞ்ச மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். அவர் செய்யவில்லையே.

பிறகு வந்தார்கள் பாருங்கள். மூன்றாம் மாடி டிரைவர் வீட்டு இரட்டைப் பையன்கள் முதலில் வந்தார்கள், ஒருவன் தலையில் ஷாம்பு நுரை காது ஓரம் அப்படியே இருந்தது. அடுத்து எதிர்வீட்டுச் சமையல்காரர் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். பல்செட் செய்கிறவர் வீட்டிலிருந்து மூன்று உருப்படிகள். கடைக்கு ஓட நேரமில்லை. காகிதம் சுற்றி எடுத்து வந்தால் என் வாயில் விழ வேண்டியிருக்கும் என்பது என் வீட்டுக்காரர் புண்ணியத்தில் குடியிருப்புக்கே தெரியும். அதனால் கையில் அகப்பட்டதில் முடிந்து எடுத்து வந்திருந்தார்கள். தலையணை உறை, குளியல் துண்டு, சமையல்காரரின் ஏப்ரன், யாரோ ஒருவரின் மழலைப் பருவத்துப் போர்வை. உள்ளே இருந்ததெல்லாம் அவரவர் வீட்டுப் பொருள்கள். இரட்டையரின் தலையணை உறைக்குள் ஒரு படப்புதிர். "யானைக்கு வால் துண்டு மட்டும் இல்ல" என்று கொடுக்கும்போதே நேர்மையாகச் சொன்னான் நுரைக்காரன். "அதை இவன் முழுங்கிட்டான்" என்றான் மற்றவன்.

கடைசியாக மேல்மாடியிலிருந்து கண்ணாடி சார் இறங்கி வந்தார். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். தன் பழைய கழுத்து டையால் கட்டிய ஒரு டார்ச் லைட் ஒரு கையில், எங்கள் துணி இன்னொரு கையில். துணி கசங்கி அழுக்காக இருந்தது.

"மன்னிக்கணும். நான் இதைத் துவைக்கல. மெத்துன்னு இருந்துச்சா, கண்ணாடி தொடைக்க வெச்சுக்கிட்டேன்" என்றார்.

"அப்ப எழுத்து இருந்திருக்குமே சார், நீங்க பாக்கலையா?"

"கண்ணாடியைக் கழட்டினாத்தானேம்மா தொடைக்க முடியும். கழட்டிட்டா எனக்கு எழுத்து எங்க தெரியுது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, வெண்ணெயில் கலங்கிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி, வரவு செலவு படிப்பது போல நிதானமாகப் படித்தார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என் பொறந்தநாள். எல்லாரும் வாங்க. வர முடியலைன்னா பரவாயில்லை, கோவிச்சுக்க மாட்டேன். உங்களுக்குக் கேக் எடுத்து வைப்பேன். பேப்பர் சுத்தின பரிசு வேண்டாம், அம்மா திட்டுவாங்க."

 கடுகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் அக்கா சீருடைக் கையால் கண்ணைத் துடைத்தார். இரட்டையரில் ஒருவன்தான், "அப்ப எங்களுக்குக் கேக் எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"முழுசா இருக்கு. இன்னும் வெட்டவே இல்ல" என்றாள் கடுகு. இந்தக் குடியிருப்பில் வெளி ஆளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நர்ஸ் அக்கா முதல் துண்டை வாங்கிக்கொண்டு ஓடினார். அன்றைக்கு அவருக்கு வார்டில் திட்டு விழுந்தது என்று அப்புறம் தெரிந்தது. அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடித்தபாடில்லை. அந்தப் பேனாவைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் குடும்பமும் நன்றாக இருக்கட்டும். எழுத்து மட்டும் அழியாமல் இருந்திருந்தால், இவர்கள் நாலு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கடையில் வாங்கியதைக் கொடுத்து, ஆறு மணிக்குப் போய்வருகிறோம் என்று கிளம்பியிருப்பார்கள். இப்போது குளியல் துண்டையும் தலையணை உறையையும் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் திங்கள், எங்கள் கடைக்கு விடுமுறை. அத்தனையையும் துவைத்தேன், காய வைத்தேன், அவர்களுக்கு நான் சளைத்தவள் இல்லை என்று கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டேன். கொடுத்துவிட்டு வரலாம் வா என்று கடுகைக் கூப்பிட்டேன்.

"நீ வேண்டாம். நானே போறேன்" என்றாள். முகவாய் வரை உயர்ந்த துணி அடுக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியேறினாள். முதல் கதவை அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப மெதுவான சத்தம். கதவு திறந்தது. நான் உள்ளே வந்து, செய்வதற்கு வேலை இல்லாமல், மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. தேடிப் போகலாமா என்று செருப்பை மாட்டியபோது வந்தாள். முழங்காலில் சுண்ணாம்பு, வாயோரத்தில் ஏதோ ஜாம். அடுக்கில் மற்றதெல்லாம் போய், இரட்டையர் வீட்டுத் தலையணை உறை மட்டும் கையில் இருந்தது.

"அவங்க வீட்டுல ஆள் இல்லையா?"

"இருந்தாங்களே. இவ்வளவு நேரமும் அங்கதான் விளையாடிட்டு இருந்தேன். சாப்பிட்டாச்சு."

"அப்புறம் ஏன் இதைக் குடுக்கல?"

என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "குடுத்துட்டா நாளைக்கு என்ன சொல்லிட்டுப் போறது?"

ஒரு கைக்குட்டை திரும்பி வராவிட்டாலும் படியேறிப் போய்க் கேட்கிறவள் நான். அந்த உறையை வாங்கி, கலைந்திருந்த மடிப்பைச் சரிசெய்து, அவள் கைக்கே திருப்பிக் கொடுத்தேன்.