பலகையில் ஏறிய சர்க்கரை

பேக்கரி மாஸ்டர் தம் ஐம்பத்தொன்பதாவது வயதில் சர்க்கரை நோய் மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்கியது உயிர்மேல் வந்த ஆசையால் அல்ல. தங்கை வீட்டுக்காரரைப் பழிவாங்குவதற்காக.

அதற்கு முன் எல்லோரும் முயன்று பார்த்துவிட்டார்கள். டாக்டர் பயமுறுத்தினார். மனைவி அழுதாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பியதோடு போனில் அலாரமும் வைத்துக் கொடுத்தாள். அலாரம் அடித்தால் மாஸ்டர் ரொட்டி வெந்துவிட்டதென்று அடுப்பைத் திறப்பார். மெஷின் பெட்டி பிரிக்கப்படாமல் ஈஸ்ட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. மாத்திரை அட்டையில் மூன்று குழிகள் காலி. அதிலும் ஒரு மாத்திரை கைதவறி மாவு மூட்டைக்குள் விழுந்தது.

பேக்கரியின் பின்கட்டில் இருந்த செங்கல் அடுப்பு அவருடைய அப்பா தம் கையால் கட்டியது. அந்த அடுப்புக்கு முன்னால் மாஸ்டர் நாற்பது வருடம் நின்றிருக்கிறார். முன்கடையைத் தங்கை கணவர் பார்த்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் சிரித்த முகம். மாஸ்டர் அவரை ‘மாப்பிள்ளை’ என்பார், அவர் இவரை ‘மச்சான்’ என்பார். அவர் கடைக்கு வந்த இந்த எட்டு வருடத்தில் ஒரு சொல் தடித்ததில்லை. மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் தங்கையல்லவா தலைகுனிய வேண்டியிருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. உறவில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில், ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்து புள்ளி நாலு வந்திருப்பதை மாஸ்டரின் மனைவி நாத்தனாரிடம் மெதுவாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளைக்குப் பாம்புக் காது.

“பத்தா?” என்றார் சத்தமாக. “மச்சான், உங்க அப்பா எப்படிப் போனார்னு எல்லாருக்கும் தெரியும். முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. இந்தக் குடும்பத்து ஆம்பளைங்க எல்லாம் தவணை முறையிலதான் போவாங்க போல!”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். தங்கை கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை மாஸ்டரின் அப்பாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒரு கால் போன பிறகும் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாசனையை வைத்தே “இடது மூலைத் தட்டைத் திருப்புடா” என்று சொன்ன மனிதர் அவர்.

“தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்,” என்று மாப்பிள்ளை தொடர்ந்தார். “அடுப்படியை என்கிட்ட விட்டுட்டு நீங்க ஓய்வெடுங்க.”

மாஸ்டர் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே கேட்டார். “மூணு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் எடுக்கிறேன். எட்டுக்குக் கீழே வரலைன்னா அடுப்படிச் சாவி உங்களுக்கு. வந்துட்டா?”

“வந்துட்டா நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்,” என்றார் மாப்பிள்ளை, வாயெல்லாம் பல்லாக.

மறுநாள் காலை மெஷின் பெட்டி பிரிக்கப்பட்டது.

அடுப்படிச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. இன்றைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை பன், அடுப்பின் சூடு எவ்வளவு என்று எல்லாம் சாக்பீஸில் ஏறும். பலகையில் ஏறாத எதையும் மாஸ்டர் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே சர்க்கரையும் பலகையில் ஏறியது. காலையில் முதல் தட்டு பன் வெந்து இறங்கியதும் மேலே பொடித்த சர்க்கரையைத் தூவுவார். ஏழு மணிக்குக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு விரலில் குத்திக்கொள்வார். வந்த எண்ணை ரொட்டிக் கணக்குக்குக் கீழே எழுதிவிட்டு, தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவார். ஒவ்வொரு மாத்திரையும் மாப்பிள்ளையின் பற்களில் ஒன்றாக அவருக்குத் தோன்றியது. அப்படி நினைத்தால் சுலபமாக இறங்கியது.

கேக் மாவை நக்கிப் பதம் பார்ப்பதை விட்டார். நாற்பது வருடப் பழக்கம். மாலையில் ஒரு மணி நேரம் நடந்தார். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் “தவணை, தவணை” என்று பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தார்.

ஆனால் பலகை அவர் பக்கம் பேசவில்லை. 262. 285. 310. 274.

மாப்பிள்ளை ஏழே காலுக்குத் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று படிப்பார். “ரொட்டி நூத்தி நாப்பது. பன் இருநூறு. மச்சான் முன்னூத்திப் பத்து! ரொட்டியைவிட நீங்கதான் நல்லா உப்புறீங்க மச்சான்.”

மாவு பிசைபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாஸ்டர் அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ளுவார்.

ஆறாவது வாரம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு செய்தும் இறங்காத சர்க்கரைக்கு மாத்திரை எதற்கு? மெஷினைத் திரும்பவும் ஈஸ்ட் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆள் அளவு நாடாவோடு வந்து செங்கல் அடுப்பின் நீள அகலத்தை எடுத்தான்.

“முன்கடையில இருக்கற சார்தான் வரச் சொன்னார். இதை இடிச்சிட்டு கரண்ட் அடுப்பு வைக்கணுமாம்.”

அளவெடுத்தவன் போனதும் மாஸ்டர் ஒரு மாத்திரைக்கு இரண்டாக வாயில் போட்டுக்கொண்டார். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கியது. ஏப்ரன் நனையும் அளவுக்கு வியர்த்தது. அடுப்புச் சூடுதான் என்று நினைத்து வெளியே வந்தவருக்குத் தெரு சாய்ந்து தெரிந்தது. பக்கத்து மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்துக் கடைக்கார அம்மா ஓடி வந்தாள். ஈரப் பஞ்சால் அவர் விரலை அழுத்தித் துடைத்து, உலர்த்தி, தன்னிடம் இருந்த மெஷினில் பார்த்தாள்.

“ஐம்பத்தி நாலு! சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. முதல்ல இதைக் குடிங்க, அப்புறம் பேசலாம்.” கரைத்த சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயருகே பிடித்தாள்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். எண் ஏறியிருந்தது. தெருவும் நேராகியிருந்தது.

“காலையில இருநூத்தி எம்பத்தஞ்சு காட்டுச்சும்மா. அதனாலதான் ரெண்டு மாத்திரை போட்டேன்.”

“ரெண்டு போடச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல.”

“உங்களுக்கு நீங்களே டாக்டரா? ரொட்டிக்கு உப்பு கூடினா தூக்கிப் போட்டுடலாம். உங்களை எங்கே போடறது?” என்று கடிந்துகொண்டவள், அவர் ஏப்ரனைப் பார்த்து நிறுத்தினாள். “குத்தறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களா?”

“ஏப்ரன்ல துடைச்சுக்குவேன்.”

அவள் ஏப்ரனில் ஒரு விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். இனித்தது. கடையே அதிரச் சிரித்தாள்.

“மாஸ்டர், மெஷின் காட்டினது உங்க ரத்தத்துல இருக்கற சர்க்கரை இல்ல. பன் மேல தூவற சர்க்கரை. விரல்ல துளி ஒட்டியிருந்தாலும் கண்டபடி ஏத்திக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சிட்டுப் பாருங்க. இப்பவே டாக்டர்கிட்ட போங்க. உள்ளதைச் சொல்லுங்க.”

டாக்டர் அவள் திட்டியதைப்போல இரண்டு மடங்கு திட்டிவிட்டு, ஒரு மாத்திரையே போதும், கூடவோ குறையவோ தன்னைக் கேட்காமல் கூடாது என்றார். மறுநாள் காலை மாஸ்டர் வீட்டிலேயே கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினார். 126.

மனைவி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உடனே போய் உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க.”

“சொல்லலாம்,” என்றார் மாஸ்டர். “ஆனா இப்ப இல்ல.”

அன்றிலிருந்து அவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை குத்திக்கொண்டார். வீட்டில், கழுவிய கையில். அந்த எண் டாக்டருக்கென்று வைத்த நோட்டில் ஏறியது. அடுப்படியில், எல்லோர் கண்முன்னும், பன்னுக்குச் சர்க்கரை தூவிய கையில். அந்த எண் பலகையில் ஏறியது. மாஸ்டர் பொய் எழுதுகிற குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. மெஷின் காட்டியதைத்தான் எழுதினார். யாரும் விளக்கம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

298. 321. 305.

மாப்பிள்ளை அருள் கூர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கவலைப்படாதீங்க மச்சான், உங்க நாற்காலியை நல்ல காத்து வர்ற இடமாப் பார்த்துப் போட்டுடறேன்.” நெஞ்சில் ‘மாஸ்டர்’ என்று பூத்தையல் போட்ட புது ஏப்ரன் ஒன்றைத் தமக்கென்று தைத்து வாங்கினார். அதை அவர் முன்கடையில் மாட்டிப் பார்த்து, கண்ணாடி அலமாரியில் பக்கவாட்டில் திரும்பி அழகு பார்த்ததை மாஸ்டர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். அன்றைய மாத்திரை தேனாக இறங்கியது.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, உறவினர்களை விருந்துக்கு அழைத்ததும் மாப்பிள்ளைதான். மாஸ்டர் பரிசோதனைக் கூடத்தின் உறையை ஒட்டியது ஒட்டியபடி கொண்டுவந்தார். தமக்கு ஒரு பக்கத்தில் மனைவியையும், மறுபக்கத்தில் காது மந்தமான சித்தப்பாவையும் உட்காரவைத்துக்கொண்டார்.

“நீங்களே பிரிச்சுப் படிங்க மாப்பிள்ளை. தினமும் பலகையைப் படிச்ச குரல். அதுதான் சரியா இருக்கும்.”

மாப்பிள்ளை உறையைக் கிழித்தார். பார்த்தார். மீண்டும் பெயரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏழு,” என்றார் தொண்டைக்குள்.

“எவ்வளவாம்?” என்றார் சித்தப்பா.

“ஏழு புள்ளி ஒண்ணு.”

“பதினொண்ணா?”

“ஏழு! ஏழு புள்ளி ஒண்ணு, மாமா!” என்று மாப்பிள்ளை கத்தினார். தெருவரைக்கும் கேட்டிருக்கும். சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது வீண்போகவில்லை.

“இது எப்படி? நேத்துகூட முன்னூறுன்னு பலகையில போட்டீங்களே!”

“மெஷின் காட்டினதைப் போட்டேன் மாப்பிள்ளை. கையில சர்க்கரை இருந்துச்சு. சர்க்கரை வேலை பார்க்கிறவன் கையில சர்க்கரைதானே இருக்கும்? அடுப்படிக்கு வரணும்னு ஆசைப்பட்டவருக்கு அதுகூடத் தெரியலையே.”

இப்போதும் சிரித்தார்கள். போன தடவை சிரித்தவர்களேதான், இன்னும் சத்தமாக.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மனைவி மெதுவாகக் கேட்டாள். “ஜெயிச்சாச்சு. நாளையிலேர்ந்து மாத்திரை போடுவீங்களா?”

மாஸ்டர் நாளைக் காலை ஏழு மணியை நினைத்துப் பார்த்தார். மெஷின் இருக்கும், பலகை இருக்கும், எதிரே நின்று படிக்க யாரும் இருக்க மாட்டார்கள். மாத்திரையை எந்தக் கோபத்தோடு விழுங்குவது? ஈஸ்ட் டப்பாவும் அதற்குப் பின்னால் இருந்த இருட்டும் நினைவுக்கு வந்தன. அப்பாவும் இப்படித்தான், “நாளையிலேர்ந்து” என்று சொல்லிச் சொல்லியே விரலை விட்டார், பாதத்தை விட்டார்.

அவர் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“நான் என்ன சொன்னாலும் செய்யறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.” மாப்பிள்ளையின் பார்வை தட்டில் இருந்தது.

“தினமும் காலையில ஏழு மணிக்கு, எங்க அப்பா கட்டின அடுப்புக்கு முன்னாடி வந்து நில்லுங்க. நான் கை கழுவுவேன். நீங்க துண்டு நீட்டணும். நான் குத்திக்குவேன். வர்ற நம்பரை உங்க கையால பலகையில எழுதணும். நான் மாத்திரை முழுங்கறதைப் பார்த்துட்டு முன்கடைக்குப் போகலாம்.”

“எத்தனை நாளைக்கு மச்சான்?”

“நான் போற வரைக்கும். தவணையா இல்லாம முழுசாப் போற வரைக்கும்.”

தங்கை எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அதைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு, அண்ணன் தட்டில் என்ன குறைகிறதென்று பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாஸ்டர் குழாயடியில் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, அவசரமில்லாமல் கை கழுவினார். மாப்பிள்ளை துண்டை நீட்டினார். மாவு பிசைபவர்கள் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மெஷின் 118 என்றது.

மாப்பிள்ளை சாக்பீஸை எடுத்து, ரொட்டிக் கணக்குக்குக் கீழே, ஓரமாக எழுதினார்.

மாஸ்டர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

“எட்டு சரியாத் தெரியல மாப்பிள்ளை,” என்றார் மரியாதையாக. “அழிச்சிட்டுப் பெருசா எழுதுங்க.”