அக்காவின் குரல்

கடையில் வாங்கிய சத்தம் ஒன்றுகூடக் கூடாது என்பது ‘சிமெண்ட் சளி’ பாட்டுக் குழுவின் வீம்பு. கம்பி வெட்டும் மெஷின், தகரத்தில் கொட்டும் ஜல்லி, மேஸ்திரியின் இருமல் என்று வேலை நடக்கும் இடத்திலேயே போனில் பிடித்து, வெட்டி ஒட்டித் தாளம் கட்டுவான் மிக்ஸி. மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன், அதனால் அந்தப் பேர். அதன்மேல் சொல்லை அடுக்கிப் பாடுகிறவன் கம்பி கட்டும் வேலைக்காரன். அவன் பேர் கம்பி. ஆள் இரண்டே பேர்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன் போனிலெல்லாம் அவர்கள் பாட்டு இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் கலவை ஆலை வாசலில் புதுப் பாட்டைப் போடுவதாக இருந்தார்கள். கம்பியின் அக்கா புருஷன் அந்த ஆலையில்தான் செத்தார். டிரம்முக்குள் இறங்கி, இறுகிப்போன கலவையைக் கொத்திக்கொண்டிருந்தபோது எவனோ சுவிட்சைப் போட்டுவிட்டான். இறங்கியவர்மேல்தான் தப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆலை கை கழுவிக்கொண்டது. பாட்டைக் கேட்க அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ரிப்பேர் கடைப் பின்னறையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சாத்தி வைத்த மூத்திரக் கறை மெத்தைகளுக்கு நடுவே, மிக்ஸி பாட்டைப் போட்டான்.

“எப்படிடா? மண்டை தானா ஆடுதா?”

கம்பியின் மண்டை ஆடத்தான் செய்தது. இடையிடையே ஒரு கீச்சுக் குரல், ‘ரிங்க... ரிங்க...’ என்று தாளத்தோடு வந்து விழுந்தது.

“இது என்னடா, ஓட்டை ஊதுகுழலா?”

“கண்டுபிடி பாப்போம்.”

மூன்றாம் தடவை கேட்டபோது பிடிபட்டது. பிணவறை வாசலில் ‘எந்திரிங்க, எந்திரிங்க’ என்று அக்கா கதறியதன் வால்.

கம்பிக்குத் தலையாட்டிக் கேட்ட தன் கழுத்தையே திருகிப் போடலாம் போலிருந்தது.

“பொணத்துக்குப் பக்கத்துல நின்னு சுருதி பாத்தியாடா நாயே?”

“சொந்தச் சத்தம்தானே மச்சி நம்ம சட்டம்? குரலைக் கீச்சா ஏத்தி வச்சிருக்கேன், ஒருத்தனுக்கும் தெரியாது. நீ மட்டும் யோக்கியமா? உங்க மாமா காலு எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு எதுகை பாத்துத்தானே எழுதின?”

கம்பி எழுந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனான். சலவைக்கடை வேலை முடிந்து வந்தவள் வெந்துபோன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் சொன்னான்.

“அவன் போனைத் தூக்கிப் புடிச்சதப் பாத்தேனே,” என்றாள் அக்கா.

“பாத்தியா?”

“ஆலைக்காரன்கிட்ட போட்டுக் காட்டத்தான் புடிக்கிறான்னு நெனச்சேன் தம்பி. அதான் தொண்ட கட்டின பெறகும் விடாமக் கத்தினேன்.” எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “முழுசா இருக்குல்ல? தாளமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழம அதையே போடுங்க. வாசல்ல நிக்கிறவனுங்க கேக்கட்டும்.”

கம்பி அங்கிருந்தே மிக்ஸிக்குப் போன் போட்டான்.

“முழுசாவா? எனக்கு ரெண்டு விநாடிதான் வேண்டியிருந்துச்சு மச்சி. மிச்சத்த அன்னைக்கே அழிச்சிட்டேன். போன்ல எடமில்ல.”

“அப்ப நான் பாடினதையும் அழி,” என்றான் கம்பி. “அதுவும் எடத்தத்தான் அடைக்குது.”

“என்னவாம்?” என்றாள் அக்கா.