பட்டுக்கு முப்பது வருஷம்

அரண்மனை உக்ராணத்தில், அதாவது சாமான் கிடங்கில், எல்லாவற்றுக்கும் ஆயுள் விதித்திருந்தார்கள். துடைப்பத்துக்கு மூன்று மாதம், கம்பளிக்கு ஐந்து வருஷம், வண்டிக் குதிரைக்குப் பதினைந்து. கெடு முடிந்தால் நல்லதையும் கழித்துவிட வேண்டும். அதற்கு முன் கிழிந்தால் கிழிந்ததையே வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும். அங்கே முப்பது வருஷம் குப்பை கொட்டிய திருநாராயண ஐயங்கார் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மனைவி செலுவம்பாவின் தலையெழுத்து, அவர் தம்மையும் அதில் ஒரு சாமானாகச் சேர்த்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைக்கு அறுபது நிறையாது" என்று நஞ்சன்கூட்டு ஜோசியர் ஒருவர் அவருடைய சின்ன வயதில் சொல்லியிருந்தார். அந்த ஜோசியர் தாம் மாடு முட்டிச் சாகப்போவதைச் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார் என்பதை ஐயங்கார் பொருட்படுத்தவில்லை. ஐம்பத்தாறில் கடைசிக் குடை வாங்கினார், ஐம்பத்தெட்டில் கடைசிச் செருப்பு. அறுபது நெருங்கியபோது குடையில் கம்பிதான் மிச்சம்.

செலுவம்பா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தில் அவளுக்கு வயது எட்டு. அப்பா மடியில் தூங்கிப்போனாள். முழித்துப் பார்த்தால் கழுத்தில் தாலி, எதிரே இந்த மனுஷன். ஒரு தடவையாவது முழித்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டாமா? அதற்கு ஒரு பட்டுப்புடவை கேட்டாள்.

"பட்டுக்கு முப்பது வருஷ ஆயுள்டி. நேக்கு இருக்கறது ஆறு மாசம். அப்புறம் நீ எங்கே கட்டிக்கப்போறே? சும்மனே தண்டம்" என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தில் ஜோசியர் வாக்கு அன்றைக்கே பலித்திருக்கும். மறுநாளே மண்டி மொஹல்லாக் கடைத்தெருவுக்குப் போய்ப் பட்டும் ஒரு புதுக் குடையும் வாங்கினாள். கல்யாணத்தை நடத்திவைக்க மேல்கோட்டை வாத்தியாருக்கும் சொல்லியனுப்பினாள்.

அறுபது நிறைவதற்கு முதல் நாள் ஐயங்கார் தீர்த்தமாடி, திருமண் இட்டுக்கொண்டு, கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுத்துவிட்டார். கொள்ளேகாலத்துப் பால்காரி மாதம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, சாமி போயிட்டாருங்களா? நாளைக்குப் பால் ஊத்தோணுமா, வேண்டாமுங்களா?"

"நாலு படி கூடவே ஊத்து. திருக்கண்ணமுது பண்ணணும், கல்யாணப் பாயசம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. சொன்ன சொல்லைக் காப்பாற்றவே செத்துத் தொலைகிற ஆள் அவர்.

விடிந்தும் அவளுக்குக் கூடத்துப் பக்கம் போகக் கால் எழவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"யாருடி புதுக் குடை வாங்கினது? நாலு வருஷம் உழைக்குமே, யாருக்காம்?"

செலுவம்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான். எழுந்திருங்கோ, வாத்தியார் வந்தாச்சு" என்றாள்.

முகூர்த்தத்தில் வாத்தியார் திருமாங்கல்யத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ள எந்தக் கையும் நீளவில்லை. ராத்திரியெல்லாம் கண் கொட்டாமல் யமனுக்குக் காத்திருந்த களைப்பில் மாப்பிள்ளை தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

செலுவம்பா அவர் விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"இன்னிக்கு நான் முழிச்சிண்டிருக்கேன். நீங்களும் முழிச்சிண்டு கட்டுங்கோ."