பதினோரு தகரத் துண்டுகள்

முப்பத்திரண்டு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். யாரிடம் டிக்கெட் இல்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். டிக்கெட் இல்லாதவரின் கை ஓரிடத்தில் நிற்காது. சட்டைப் பையைத் தடவும், கம்பியைப் பிடிக்கும், விடும். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், மனைவியின் கை அப்படி அலைவதைக் கவனித்தார்.

மனைவி மாடியறையில் மெஷின் போட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு நேர் கீழே, ஒருபக்கம் சரிந்து இறங்கும் சிறிய அறை அது. முழங்கால் வலியால் அவர் அங்கே ஏறுவதே அபூர்வம். அன்று தொலைந்த மூக்குக்கண்ணாடியைத் தேடி ஏறியபோது, சரிவான உட்கூரையில் ஒரு வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டது. அறை முழுவதும் வெள்ளைதான். ஆனால் இது வேறு வெள்ளை.

"இங்க யார் பெயின்ட் அடிச்சது?"

"எங்க?" அவள் நிமிரவில்லை. துணியை நகர்த்திக்கொண்டிருந்த கை மட்டும் நின்று, கத்தரிக்கோலை எடுத்து, அதே இடத்தில் மறுபடி வைத்தது. "அதுவா? எப்பவோ அடிச்சதுங்க. லேசா ஈரம் பூத்திருந்தது."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பயணி சுதாரித்துக்கொள்வார் என்பது அவருடைய தொழில் பாடம்.

அந்த வீட்டின் கூரை, தார் தோய்த்த அட்டைச் சில்லுகளை மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தது. வீடு வாங்கும்போதே அது பழையது. அந்தத் தெருவில் பாதிப் பேர் சில்லுகளைப் பிரித்துப் போட்டுவிட்டு உலோகத் தகடு போட்டுவிட்டார்கள். அவர் போடவில்லை. தகடு போடச் சொல்லி வந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைப்பதாக அவருக்குத் தோன்றியதுதான் காரணம்.

அடுத்த வாரமே ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். இடுப்பில் அளவு நாடா, தோளில் மடக்கு ஏணி.

"சார், பக்கத்துத் தெருவில தகடு போட்டுட்டு இருந்தேன். இந்தப் பக்கமா வந்தப்ப உங்க கூரை கண்ணுல பட்டுது. சும்மா ஏறிப் பார்த்துச் சொல்றேன், அதுக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

ஒன்றும் வேண்டாம் என்கிற ஆளை அவர் அதுவரை நம்பியதில்லை. ஆனால் அவர் வாய் திறப்பதற்குள், "பார்க்கட்டுமேங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. ஒரு புடவைக்கு நூல் நிறம் தேர்ந்தெடுக்கவே அரை நாள் எடுத்துக்கொள்பவள் அவள்.

தகடுக்காரர் பின்பக்கமாக ஏணி போட்டு ஏறி, பத்தே நிமிடத்தில் இறங்கி வந்து செல்போனில் படம் காட்டினார். சில்லுகள் வெடித்திருந்தன, ஓரங்கள் சுருண்டிருந்தன, கூரையைத் துளைத்து மேலே நீட்டியிருந்த காற்றுக்குழாயைச் சுற்றி உள்ளே இருக்கும் பலகையே தெரிந்தது.

"பார்த்தீங்களா சார்? இந்த மழைக்குத் தாங்காது. எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டுத் தகடு அடிச்சிடலாம். முப்பது வருஷத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்."

"படத்தை எனக்கு அனுப்புங்க. யோசிச்சுச் சொல்றேன்."

தகடுக்காரர் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காற்றுக்குழாயின் நிழல் சில்லுகள்மேல் கத்தியால் கீறியது போல விழுந்திருந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்தே மூட்டம். தன் கையை நீட்டி அதன் நிழலைத் தேடினார். தரையில் ஒன்றும் விழவில்லை.

"வெயிலே இல்லாத நாள்ல நிழல் எங்கேருந்து வந்தது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்? போன்ல ஏதாவது வெளிச்சம் இருந்திருக்கும்" என்றாள். பிறகு, "எப்படியும் தகடு போட்டுடறது நல்லதுதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். விரல் இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவனும் கூரைப் பேச்சை எடுத்தான்.

"மாமா, அக்கா சொன்னா. தகடு போட்டுடுங்க மாமா. பின்பக்கச் சரிவு மொத்தமும் போச்சு. குழாய்க்குக் கீழ மூணாவது வரிசையில ஆணி கூட நிக்காது."

"மூணாவது வரிசையா?"

"ஆமா மாமா."

"அது உனக்கு எப்படி மாப்ளே தெரியும்?"

மச்சினன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். குடித்து முடித்த பிறகும் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. "பொதுவா எல்லா வீட்டுலயும் அங்கதான் மாமா போகும்" என்றான் கடைசியில். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பட்ட பாட்டை அவர் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் கண்டதில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர். இல்லை, தகடுக்காரரையும் சேர்த்தால் மூன்று பேர்.

மறுநாள் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். புதுத் தகடு மின்னிய வீடு ஒன்றுதான் இருந்தது. அங்கே குடியிருந்தவர் ஒரு டீச்சர். இவர் தன் செல்போனில் இருந்த படத்தைக் காட்டியதும் டீச்சர் சிரித்துவிட்டார்.

"இது எங்க வீட்டுப் பழைய கூரை சார். அந்தக் குழாய்ல தொங்குது பாருங்க நீலக் கயிறு, நான் கட்டின கொடிக் கயிறு. இது எப்படி உங்ககிட்ட வந்தது?"

"வந்தது" என்றார் அவர். திரும்பி நடக்கும்போது முழங்கால் வலி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "படம் நம்ம கூரையே இல்லை. அந்த ஆள் ஃபிராடு. கூரைக்கு ஒண்ணும் ஆகலை. இனிமே இந்த வீட்டுல தகடுன்னு யாரும் பேசக் கூடாது."

மனைவி துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். ஜெயித்த மாதிரி இருந்தது அவருக்கு. ஆனால் சாயங்காலம் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை. அது உறுத்தியது.

இரண்டு நாள் விடாமல் மழை. அந்த இரண்டு நாளும் அவள் மாடியறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். மூன்றாவது நாள் வெயில் அடித்தது. தைத்த துணிகளைக் கொடுத்துவர அவள் வெளியே போனாள். அவர் டீச்சர் வீட்டு ஏணியை இரவல் வாங்கி வந்து பின்பக்கச் சுவரில் சாய்த்தார். நல்ல கூரையைத் தன் கையாலேயே படம் எடுத்து, அக்கா தம்பி இருவர் முன்னாலும் வைப்பது அவருடைய திட்டம்.

ஏணியிலிருந்து சரிவுக்குக் காலை மாற்றியதுமே பாதத்துக்குக் கீழே பலகை ரொட்டி மாதிரி அமுங்கியது. அவர் நான்கு காலில் நின்றார். சில்லுகளின்மேல் இருந்த மணல் பரலெல்லாம் உதிர்ந்து, உள்ளங்கையில் கருப்பாக ஒட்டியது. குழாயை நோக்கித் தவழ்ந்தார். ஒரு சில்லின் ஓரம் தூக்கியிருந்தது. விரலை விட்டு நெம்பினார். அடியில் ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது.

உருவி எடுத்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து: "நிறுத்தாதீர்". தகரத்தை வெட்டியதில் முன்னால் இருந்த வார்த்தை போயிருந்தது. 'தீ'யின் சுழியை மேலே கொண்டுபோய்க் கொக்கி போடுவது அந்த ஊரில் ஒரே ஒரு கைதான். மச்சினனின் கை.

அடுத்த சில்லைத் தூக்கினார். அதிலும் தகரம். அதற்கடுத்ததிலும். ஒன்று வெளுத்திருந்தது, ஒன்றில் துரு ஏறியிருந்தது, ஒன்று தொட்டதும் பொடிந்தது. ஒரே வருடத்து வேலை இல்லை இது. மொத்தம் பதினொன்று. போட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்ற தகடு, அவர் தலைக்கு மேலேயே பல வருடமாக இருந்திருக்கிறது.

இறங்கலாம் என்று திரும்பியபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. குழாயைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி நேரம் கழித்து மனைவி வந்தாள். ஏணியைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள்.

"ஐயோ, அங்க என்னங்க பண்றீங்க?"

"பதினோரு தகரம் இருக்கு இங்க. யார் வெச்சது?"

"முதல்ல இறங்குங்க."

"இறங்க முடியலை. கால் பிடிச்சுக்கிச்சு. நீ பதில் சொல்லு."

அவள் பையைக் கீழே வைத்தாள். தம்பிக்குப் போன் செய்து, உடனே வா என்று சொன்னாள். பிறகு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் நின்றபடி மேலே பார்த்துப் பேசினாள்.

"ஏழு வருஷமா ஒழுகுதுங்க. நீங்க டூட்டிக்குப் போனதும் தம்பி வருவான். ஏறிச் செருகிட்டு, நீங்க வர்றதுக்குள்ள போயிடுவான். நீங்க ரிடையர் ஆனதுல இருந்து அவனால வர முடியலை."

"ஏழு வருஷம் என்கிட்ட மறைச்சிருக்கே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? முன்னாடி தண்ணிக் குழாய் மாத்த வந்தவரை அடுப்படியில நிக்க வெச்சு, பழைய குழாய் எங்க, புதுசு எங்க வாங்கினே, சீட்டு எங்கன்னு கேட்டு, அவர் பாதியில போட்டுட்டுப் போகலையா? நாலு நாள் வாளியில தண்ணி தூக்கினது நான். வீட்டுக்கு வர்ற ஆளெல்லாம் உங்களுக்கு டிக்கெட் இல்லாத ஆளுதான்."

பின்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தகடுக்காரரையும் நீதான் வரச் சொன்னியா?"

"நான்தான். அவர் டீச்சர் வீட்டுல வேலை பார்த்தப்ப நம்பர் வாங்கினேன். வழியில போறவர் மாதிரி வாங்கன்னு சொன்னேன். ஆனா அப்படிப் பொய்ப் படம் காட்டுவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." அவள் ஏணி அருகே வந்தாள். "என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீங்க. நான் உங்களை ஏமாத்தலை. உங்க தலை நனையாம பார்த்துக்கிட்டேன்."

மேலே இருந்து பார்க்கும்போது அவள் மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை அசையவே இல்லை. அதைப் பார்த்த பிறகு அவருக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

மச்சினன் வந்து, ஏணியில் ஏறி, அவரைத் தோளில் தாங்கிப் படிப்படியாக இறக்கினான். கடைசிப் படியில், "மாமா, அந்த 'நிறுத்தாதீர்' மட்டும்தான் நல்ல தகரம். அதை ஏன் உருவினீங்க?" என்றான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் அதோடு கலைந்தது.

தகடுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த ஆள் உண்மையைச் சொன்னார். "உங்க கூரையில கால் வைக்கவே பயமா இருந்தது சார். ஏணியிலேயே நின்னுட்டு இறங்கிட்டேன். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டீங்கன்னு இருந்த படத்தைக் காட்டினேன்."

"சொன்னது நிஜம். காட்டினது பொய்" என்றார் அவர். "உங்களுக்கு வேலை கிடையாது."

வேறு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரிடமும் மனைவிதான் பேசினாள். அவர் உள்ளறையில் உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பலகையை மாற்றியே ஆக வேண்டும், மேலே சில்லா தகடா என்பது உங்கள் இஷ்டம் என்றார்கள். இரண்டாவதாக வந்தவர், அவள் கேட்காமலே அழுகிய பலகையில் ஒரு துண்டை ஒடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

"தகடுன்னா மழையில தடதடன்னு சத்தம் கேட்கும். அதுக்கு அடியில உட்கார்ந்து தைக்கப் போறவ நீ" என்றார் அவர்.

"கேட்கட்டும். ஏழு வருஷமா மெஷினை நிறுத்தி நிறுத்திச் சொட்டு விழுதான்னு காது கொடுத்தவ நான். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சத்தம் கேட்டா நிம்மதியாத் தைப்பேன்."

தகடுதான் என்று முடிவாயிற்று. வேலை ஐந்து நாள் நடந்தது. கேள்வி கேட்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் நாள் மூன்று கேள்வி கேட்டார், இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் பூங்காவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் கூரை மாறிய பிறகும் அவருக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பியவர் அவர். முப்பத்திரண்டு வருடம். அந்தப் பத்து மணி நேரங்களில் இந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கும்? ஒரு கூரையையே மறைக்க முடிந்தது என்றால்?

ஒரு மத்தியானம், படிகளை ஒவ்வொன்றாக ஏறி மாடியறைக்குப் போனார். மனைவி ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாம வேற ஏதாவது இருக்கா?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிறைய இருக்குங்க. ஒவ்வொண்ணாத்தான் சொல்லணும். ஆனா நடுவுல எழுந்திரிக்கக் கூடாது, யாருக்கும் போன் பண்ணக் கூடாது."

"சரி."

"முதல்ல உங்க சைக்கிள்."

"திருடு போச்சே, அதுவா?"

"திருடு போகலை."

அவர் அருகில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.