வயிற்றடி முள்

சிங்கமீனைக் கையில் எடுத்தால் முதல் வேலை கத்தரிக்கோலுக்குத்தான். முதுகிலும் வயிற்றடியிலும் நஞ்சு முட்கள். ஈஸ்டர் விடுமுறையில் சைப்பிரஸ் கடலில் ஈட்டியால் குத்திய மீன், ஸ்டுட்கார்ட்டில் என் குளிர்பெட்டியின் உறைதட்டில் ஆறு மாதம் கிடந்தது. முதுகு முள்ளை வெட்டிய மடையன் வயிற்றடியை மறந்திருக்கிறான். அந்த மடையன் நான்தான். ஞாயிறு காலை கறிக்குக் கழுவும்போது அந்த முள் என் இடது பெருவிரலில் ஏறியது.

வாய்விட்டுக் கத்தினேன். யார் ஓடி வரப்போகிறார்கள்?

நஞ்சு முறிய, பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீருக்குள் கையை வைக்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மீன் குத்தப் போகும் படகில் சொல்லித் தந்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு நான் எங்கே போக? வலது கையால் தொட்டுப் பார்த்து, அதே கையால் சுடுதண்ணீர்க் கேத்தலைச் சரித்தேன்.

என் மனைவி பிறேமா இறந்த பிறகு, ஆளுக்கொரு அறையில் நானும் இரண்டு பிள்ளைகளும் முடங்கிக் கிடந்தோம். அது பொறுக்காமல் மகள் சுபானிதான் எங்களைக் கடலுக்கடியில் சுழியோடும் வகுப்பில் சேர்த்தாள். வேற்றுக் கடலிலிருந்து வந்து சைப்பிரஸ் மீன்களைத் தின்று தீர்க்கும் சிங்கமீனை, விடுமுறைதோறும் அனுமதி எடுத்துக் குத்தப் போவோம். அவளும் தம்பி நிஷாந்தனும் ஈட்டி பிடிப்பார்கள். குத்திய மீனைப் போடும் குழாய் என் கையில். தண்ணீருக்குள் ஒரு சொல் பேச ஏலாது. ஆனாலும் நாங்கள் ஒரு குடும்பமாக இருந்தது அங்கேதான்.

ஆவணியில் இதய வைத்தியரின் கடிதம் வந்தது. எனக்கு வரும் ஜெர்மன் கடிதமெல்லாம் தன் ஒன்பது வயதிலிருந்து சுபானிதான் வாசிப்பாள். இதை மட்டும் அகராதியோடு மூன்று பின்னேரம் மல்லுக்கட்டி நானே வாசித்தேன். இனிச் சுழியோடக் கூடாதாம். சொன்னால் பிள்ளைகளும் போக மாட்டார்கள், பிறகு எங்களை ஒன்றாக வைக்க ஒன்றும் மிஞ்சாது. இந்த ஐப்பசி விடுமுறைக்கு வேலையில் லீவு தரமாட்டார்களாம், நீங்கள் இருவரும் போங்கள் என்று பொய் சொன்னேன். முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று மற்றக் கடிதங்களையும் அவளிடம் கொண்டுபோகவில்லை.

வலி தோள்வரை ஏறியதும் அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. அந்த நேரம் அவர்கள் சைப்பிரஸில் தண்ணீருக்கடியில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து தரம் அழைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் அவளே அழைத்தாள்.

"அப்பா, இண்டைக்குப் பதினாலு மீன்!"

"குழாய் ஆர் பிடிச்சது?"

"படகுக்காரர். நல்லாத்தான் பிடிச்சார். ஏன் இத்தினை தரம் எடுத்தனீங்கள்?"

நல்லாத்தான் பிடித்தாராம். முள்ளை விட அது குத்தியது.

"சிங்கமீன் குத்திப்போட்டுது பிள்ளை."

"ஐயோ! சுடுதண்ணிக்கை வச்சனீங்களே?"

"ஓம்."

"ஆர் சூடு பாத்தது?"

"நான்தான்."



"அப்பா, ஆவணியிலை இருந்து ஒரு கடிதமும் நீங்கள் என்னட்டைக் கொண்டு வரேல்லை."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஏதோ ஒளிக்கிறியள் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். கேக்கப் பயமாயும் இருந்தது."

போனை ஒலிபெருக்கியில் போட்டு, மேசை லாச்சியிலிருந்து வைத்தியரின் கடிதத்தை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மகளுக்கு நான் ஜெர்மன் வாசித்தேன். நாக்குப் பிசகிய இடத்திலெல்லாம் நின்றேன். எப்போதும் பாய்ந்து விழுந்து திருத்துகிறவள், அன்று ஒன்றையும் திருத்தவில்லை.

முடித்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொருக்கா வாசியுங்கோ அப்பா. தம்பியும் கேக்கட்டும்."

மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பாத்திரத்துத் தண்ணீர் ஆறிவிட்டது. ஒரு கை அதற்குள், மற்றக் கையில் கடிதம். கேத்தலைத் தூக்க ஆளில்லை.