பதினொரு கோப்புகள் குறைவு

அவர் லிஃப்டுகளைப் பரிசோதிக்கிறவர். முப்பது வருடமாக அதே வேலை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் லிஃப்டில் ஏறி மேலே போவார்கள். அவர் மட்டும் படியேறிப் போய், உச்சி மாடியில் இருக்கும் இயந்திர அறையில், கம்பிக் கயிற்றின் மேல் ஒரு துணியைச் சுற்றி மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். "நல்லாத்தானே ஓடுது சார்" என்று காவலாளி சொன்னால், "விழற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் ஓடும்" என்பார். இந்தக் குணம் வேலையில் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. வீட்டில் இதே குணத்துக்கு வேறு பெயர். அதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

வீட்டில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு வருடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் கழித்துப் போட்டதை அவரே தூக்கிவந்து, இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, வீட்டுக்கென்று ஒரு சர்வராக்கியிருந்தார். மகள் தவழ்ந்ததிலிருந்து அவளுக்குக் கல்யாணம் ஆனதுவரை அத்தனை படங்களும் வீடியோக்களும் அதற்குள் இருந்தன. இணையத்தில் எங்கேயாவது ஏற்றி வைக்கலாமே என்று மகள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "நம்ம வீட்டுப் படத்தை எவனோ ஒருத்தன் கையில எதுக்குக் குடுக்கணும்?" என்று முடித்துவிட்டார்.

அந்த வருடம் டிஸ்க் ஒன்று சத்தம் போட ஆரம்பித்தது. மேசையில் நகத்தால் தட்டுவதுபோல டக், டக், சற்று நிறுத்தி மறுபடியும் டக். காது உள்ள யாருக்கும் அதன் நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்துவிடும். மகளும் மாப்பிள்ளையும் ஒரு சனிக்கிழமை காலையில் புதுப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கறுப்பாக, ரொட்டிப் பெட்டி அளவுக்கு இருந்தது. நான்கு டிஸ்க் கொள்ளும். மாப்பிள்ளை ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறவர். பேச்சு அளவாகத்தான் இருக்கும். அதுவே மாமனாருக்கு ஒரு உறுத்தல். வாய் பேசாதவன் மனசுக்குள் என்ன பேசுகிறான் என்று யார் கண்டது?

"மாமா, முதல்ல எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணிடறேன். நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிடும். இனிமே டிவியிலயே போட்டுப் பாக்கலாம். குட்டிகூட ரிமோட்ட வச்சுத் தானே போட்டுக்குவா."

குட்டி என்பது பேத்தி. மூன்று வயது. அவள் அப்போது காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை இரண்டு பக்கமும் எண்ணிக் காட்டினார். பழையதில் எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். புதியதிலும் அதே. எண்ணிக்கை மட்டும் போதாது என்று மாமனார் சொன்னார். அதற்கும் மாப்பிள்ளை தயாராக இருந்தார்; கைரேகை மாதிரி ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அப்ப பழசை நிறுத்திடலாமா மாமா? டிஸ்க்கைத் துடைச்சிட்டு நான் எடுத்துக்கறேன். ஒண்ணு நல்லாத்தான் இருக்கு, சோதனைக்கு ஆகும்."

"அவசரம் என்ன? ஒரு வாரம் பழசே ஓடட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"சரி மாமா. நான் எங்க வீட்ல இருந்தே அப்பப்போ எட்டிப் பாத்துக்கறேன்."

எட்டிப் பார்ப்பதா? அந்தச் சொல் பல்லிடுக்கில் நார் மாட்டியதுபோல அவருக்குள் மாட்டிக்கொண்டது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும், கை கால் கழுவுவதற்கு முன்பே எண்ணிப் பார்த்தார். புதியதில் அதே எண். பழையதில் எண்பத்தாறாயிரத்து நானூற்று ஒன்று.

பதினொன்று குறைவு.

முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகித்தார். இரண்டு மணி நேரம் சோதித்தார். சத்தம் போடும் டிஸ்க்கில்கூட அந்தக் கோப்புகள் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. கெட்டுப்போன டிஸ்க் இப்படித் தேர்ந்தெடுத்துத் தின்னாது. குறைந்தவை பதினொன்றும் வீடியோக்கள். வெவ்வேறு வருடத்தவை. பெயர்கள் எல்லாம் காமிரா தானாகப் போட்ட எண்கள். படித்தால் ஒன்றும் புரியாது. புதுப் பெட்டியில் அவற்றைத் திறந்து பார்த்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. எது போயிற்று என்பதைவிட யார் எடுத்தது என்பதுதான் அவரைக் குடைந்தது.

வியாழக்கிழமை எண்ணினார். மொத்தம் இருபத்து மூன்று குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை முப்பது. ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும்தான் சர்வருக்குள் போவார்கள் என்பதால், செய்தது யார் என்று இயந்திரத்தைக் கேட்டும் பயனில்லை. ஆனால் அவருக்கு இயந்திரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் ஒருவர். பழைய டிஸ்க்கைக் கேட்டவரும் அவரே. புதுப் பெட்டி வாங்கலாம் என்ற பேச்சை எடுத்ததும் அவரே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு அந்தப் பேய் மாப்பிள்ளை முகத்தோடு தெரிந்தது.

சனிக்கிழமை எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது தாளை எடுத்து மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன மாமா?"

"நீங்கதான் சொல்லணும். எங்க வீட்டு வீடியோ உங்களுக்கு எதுக்கு ஆகுது?"

மாப்பிள்ளை தாளைப் படித்தார். நிதானமாகத்தான் படித்தார். "நான் எதையும் அழிக்கலை மாமா."

"அப்ப டிஸ்க்குக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

"அப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. அவரைத்தான் கேக்கறேன்."

மனைவி கையில் தண்ணீர்க் கூஜாவோடு நின்றாள். மாப்பிள்ளை எழுந்து கை கழுவினார், தன் லேப்டாப்பைப் பையில் போட்டார், குட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் மகள் மட்டும் ஒரு நொடி நின்றாள்.

"கல்யாணம் ஆகி அஞ்சு வருஷமாச்சுப்பா. இன்னும் அவரோட பையைத் துழாவிக்கிட்டேதான் இருக்கீங்க."

அவர்கள் போன பிறகு அவர் பழைய சர்வருக்கு வெளி இணையம் வரும் வழியை அடைத்தார். இனி வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் அதைத் தொட முடியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தார், எண் அசையவில்லை. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, ஞாயிறு அசையாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று உறைத்தது. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார்.

அடுத்த கட்டடத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மத்தியானம் ஒன்றரைக்கு வீடு வந்தார். மனைவி ஒரு பள்ளி நூலகத்தில் அரை நாள் வேலை பார்க்கிறவள். ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அவர் சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினார். கூடத்து மேசையில் அவள் காதில் ஹெட்போன் மாட்டி, லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். பட்டென்று மூடினாள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"ஏன், வரக்கூடாதா? என்ன பாத்துக்கிட்டிருந்தே?"

"லைப்ரரி லிஸ்ட்."

"லிஸ்ட்டுக்கு ஹெட்போன் எதுக்கு?"

அவள் எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பொய் சொல்லத் தெரியாதவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான் வெளியே தெரியும். பழைய பெட்டியை எண்ணினார். இப்போது நாற்பத்தொன்று குறைவு. யாரோ ஒருவரின் முகம் அந்த வீடியோக்களில் இருக்கிறது, அதைத்தான் அவள் மறைக்கிறாள் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. எந்த முகம் என்று தெரிந்துகொள்ளவே முதல்முறையாகப் புதுப் பெட்டியைத் திறந்தார். காணாமல் போனவற்றில் முதல் வீடியோவைப் போட்டார்.

மகளின் ஆறாவது பிறந்தநாள். மெழுகுவத்தி, கேக், பிள்ளைகள். மனைவி இளவயதில், ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு முகத்தையும் விடாமல் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள். அப்போது மிக அருகில், எல்லாக் குரலுக்கும் மேலே, ஒரு குரல் கேட்டது.

"அந்தாளுகிட்ட என்ன அவ்வளவு சிரிப்பு உனக்கு?"

படத்தில் மனைவியின் சிரிப்பு அடங்கியது. அவள் கத்தியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

அடுத்ததைப் போட்டார். கடற்கரை. மகள் மணலில் ஓடுகிறாள். "போன்ல யாரு? குடு இங்க. குடுன்னு சொல்றேன்ல." அதற்கடுத்தது பள்ளி விழா, மேடையில் மகள் கவிதை ஒப்பிக்கிறாள். பாதியில், "இவள எங்க காணோம்? போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு." மகள் மேடையிலிருந்து காமிராவைப் பார்த்து ஒரு வரியைத் தவறவிடுகிறாள். காமிராவைப் பிடித்தவர் எப்போதும் அவர்தான். எந்தப் படத்திலும் அவர் முகம் இல்லை. குரல் மட்டும் இருந்தது. ஒன்பதாவது வீடியோவுக்கு மேல் அவரால் போட முடியவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். அந்தப் பூதத்தின் குரல் அவருக்கு நன்றாகப் பழக்கமான குரலாக இருந்தது.

மனைவி துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"அது எப்படி இன்னும் இருக்கு? அழிச்சேனே."

"பழசுல அழிச்சே. இதுல அதுக்கு முன்னாடியே வந்தாச்சு."

"ஒரு வாரம் கழிச்சுதான் மாத்தப்போறதா சொன்னீங்க?"

"எதுக்கு அழிச்சே?"

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "குட்டி டிவியில போட்டுப் பாப்பான்னு மாப்பிள்ளை சொன்னாரே. அவ அம்மாவோட சின்ன வயசைப் பாக்க உக்காந்தா, தாத்தா இப்படிப் பேசறதையா கேக்கணும்? பத்து, பதினஞ்சு இருக்கும்னு நினைச்சேன். கேக்கக் கேக்க வந்துக்கிட்டே இருக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா, யாரு சொல்லிக்குடுத்தான்னு கேப்பீங்க."

அந்தக் கேள்வி உண்மையாகவே அவர் நாக்கின் நுனியில் இருந்தது.

"சனிக்கிழமை அந்தப் பையனை நீங்க கேட்டப்போ நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றாள் அவள். "அது என் தப்பு. பயந்துட்டேன். முப்பது வருஷத்துப் பழக்கம், சட்டுன்னு போகுமா?"

அன்று மாலையே அவள் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, தான்தான் அழித்தது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனார். மாப்பிள்ளை வேலை செய்யும் அறை அடித்தளத்தில் இருந்தது. குளிராக, மின்விசிறிகளின் இரைச்சலோடு, உட்கார ஒரே ஒரு முக்காலி. மாப்பிள்ளை அதை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் உட்காரவில்லை.

"தப்பா பேசிட்டேன் மாப்பிள்ளை."

"அத்தை சொன்னாங்க மாமா."

"மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்காம இருக்க முயற்சி பண்றேன் மாமா. ஆனா இனிமே உங்க வீட்டு மெஷினைத் தொட மாட்டேன். ஏதாவது ஆனா போன்ல சொல்றேன், நீங்களே பண்ணிக்குங்க."

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

மிச்ச வேலையை அவரே செய்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் இருவரும் அந்த நாற்பத்தொன்றையும், அவள் இன்னும் கேட்டிராத மிச்சத்தையும் புதுப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். சிலவற்றில் அவர் குரல் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்க முடிந்தது. சிலவற்றில் முடியவில்லை; குரலை எடுத்தால் மகளின் பாட்டும் சேர்ந்து போகும். அவற்றை அழித்தார்கள். பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னாள். கடற்கரை வீடியோ வந்தபோது அவர் அழுத்தப் போனார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இது இருக்கட்டும். டிவியில வராத இடத்துல தனியா போட்டு வைங்க."

"எதுக்கு?"

"நீங்க கேக்கறதுக்கு."

பழைய பெட்டியை நிறுத்தியபோது வீட்டில் ஏதோ ஒன்று குறைந்ததுபோல இருந்தது. டிஸ்க் இரண்டையும் கழற்றி, சுத்தியலால் அடித்து, பழைய இரும்புக்காரரிடம் போட்டார்.

மகள் அடுத்த இரண்டு சனிக்கிழமையும் குட்டியோடு தனியாகத்தான் வந்தாள். மூன்றாவது சனிக்கிழமை மாப்பிள்ளையும் வந்தார், ஒரு மணி நேரம் தாமதமாக. பரிசோதகர் கதவைத் திறந்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். பையை வாங்கி நாற்காலியில் வைத்தார். பிறகு அவரையும் மீறி வாய் திறந்தது.

"எங்க போயிருந்தீங்க, இவ்வளவு நேரம்?"

மனைவி சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். "சொல்லணும்னு இல்ல."

மாப்பிள்ளை சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட வந்து உட்கார்ந்தார்.