தானாகக் குறையாத மாத்திரை

'டேப்பர் ஆஃப்' என்ற சொல் காலையிலிருந்து அவளோடு மல்லுக்கு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் மருந்துச் சீட்டை ஆங்கிலத்திலிருந்து அரபுக்கு மாற்றுவது அவள் வேலை. அகராதியோ, பென்சில் முனைபோலக் கூராகிக்கொண்டே போவது என்றது. மாத்திரை எப்படிக் கூராகும்?

முந்தாநாள் வீட்டுக்குப் போன, தடித்த கண்ணாடி போட்ட அரபுப் பெரியவரின் சீட்டிலும் இதே சொல் வந்தது. கூடவே 'ஆஃப்' இருக்கிறதே என்று 'அவ்கிஃப்', அதாவது 'நிறுத்து', என்று போட்டுவிட்டாள். இன்று ஏனோ அது உறுத்தியது. அதே ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருக்கும் அண்ணியிடம் கேட்டாள்.

"என்ன அகராதி, உனக்கே வார்த்தைப் பஞ்சமா?" என்று சிரித்தபடி அண்ணி சீட்டை வாங்கினாள். "இது ஸ்டீராய்டு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும். வெளியிலேருந்து குடுத்துட்டே இருந்தா உடம்பு அதைத் தானா சுரக்கிறதை விட்டுடும். திடீர்னு நிறுத்தினா அதுவும் இல்லாம, இதுவும் இல்லாம ஆள் சுருண்டுடுவார். ஏன் கேக்கறே?"

கண்ணாடிக்காரருக்கு 'நிறுத்து' என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். அண்ணியின் சிரிப்பு நின்றது.

"போன் போடு. நான் டாக்டரைப் பார்த்துட்டு வரேன்."

மணி அடித்தது, எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் தனியாக இருப்பவர். விழுந்தாலும் தூக்க ஆளில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் முறை விரல் தவறி யாரோ ஒரு தையற்காரருக்குப் போனது. நான்காம் முறைதான் அவர் குரல் கேட்டது.

"படுத்திருக்கேம்மா," என்றார் அரபியில். "எழுந்தா கண்ணை இருட்டுது."

"மாத்திரை?"

"நிறுத்தியாச்சே. நீங்கதானே எழுதினீங்க."

அவசரத்தில் 'தனாகஸ' என்ற வினைதான் வாய்க்கு வந்தது. 'நகஸ' என்றால் குறைந்தது. முன்னால் ஒரு 'த' வைத்து நடுவை நீட்டினால், குறைந்துகொண்டே வந்தது. அந்த வினையைப் போட்டு, மாத்திரை குறைந்துகொண்டே வரவேண்டும் என்றாள்.

"தானா எப்படிம்மா கொறையும்? டப்பா மூடித்தான் இருக்கு. எலி வந்தாத்தான் உண்டு."

அந்த அவசரத்திலும் அவளுக்கு உறைத்தது. அந்த வினை நிலாவுக்குச் சரி, குளத்து நீருக்குச் சரி. அவை தாமாகக் குறைபவை. மாத்திரையை ஒரு கை குறைக்க வேண்டும்.

அண்ணி ஓடி வந்தாள். "டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்குப் போடவேண்டிய எட்டு மாத்திரையையும் இப்பவே போடச் சொல்லு. ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பிடுச்சு. கதவைத் திறந்து வைக்கட்டும்."

சொன்னாள். டப்பா குலுங்கியது. அவர் எண்ணிப் போட்டுக்கொள்வது காதில் விழுந்தது. ஐந்து வரை வந்தது. பிறகு சத்தமே இல்லை. அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு," என்றார். "தண்ணி தீந்து போச்சு, அதான்."

எட்டும் முடிந்து, கதவு திறக்கும் சத்தமும், வண்டிக்காரரின் குரலும் கேட்ட பிறகுதான் அவள் போனை வைத்தாள். இன்றைய நோயாளிக்கு டாக்டர் தந்த வாரக் கணக்கோடு, காலையில் முடிக்காமல் விட்ட சீட்டை எடுத்தாள்.

'கஃப்பிழ்' என்று தொடங்கினாள். நடு எழுத்தை இரட்டித்த வினை. நீ குறை என்று ஆளைக் கைகாட்டும். எப்படிக் குறைப்பது? 'தத்ரீஜன்.' அதற்குள் 'தரஜ்' என்ற படிக்கட்டு இருக்கிறது. நம் 'படிப்படியாக' போலவே. ஆனால் படியின் உயரம் தெரியாவிட்டால் கால் இடறும். ஆகவே கீழே எழுதினாள்: முதல் வாரம் தினம் எட்டு. இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் நான்கு. நான்காம் வாரம் இரண்டு. அதற்குப் பிறகு, கடைசி வரியில் மட்டும், 'அவ்கிஃப்'.